புள்ளிக் கணக்கு

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

ஆவணி பிறந்தாச்சு. ஆடி முழுக்க ஈ ஓட்டிய கடையில் இன்று காலை எட்டரைக்கே ஆள் நின்றது. கல்யாண அழைப்பிதழ் இரண்டு, நினைவஞ்சலி ஃபிளெக்ஸ் ஒன்று. புதுப் பையனும் இன்றுதான் வேலைக்குச் சேர்ந்தான். பி.காம். முடித்தவன். செல்போனில் ரீல்ஸ் வெட்டி ஒட்டுவதில் என்னைவிட வேகம். கோரல்டிரா மென்பொருளைத் திறந்து கொடுத்ததும் கை நின்றுவிட்டது.

ஃபிளெக்ஸ்காரர் கொண்டுவந்தது அவருடைய தாத்தா படம். வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்தது. ஆறடி அகலத்துக்கு வேண்டும் என்றார். படத்தின் அகலமோ 720 பிக்சல். பையனையே கணக்குப் போடச் சொன்னேன். ஆறடி என்றால் 72 அங்குலம். அங்குலத்துக்குப் பத்துப் புள்ளி. அப்படியென்றால் ஒவ்வொரு புள்ளியும் இரண்டரை மில்லிமீட்டர் சதுரம், கடுகைவிடப் பெரிசு. கையில் வைத்துப் படிக்கிற அழைப்பிதழுக்கு அங்குலத்துக்கு 300 கேட்கிறோம். ஃபிளெக்ஸைத் தெருவுக்கு எதிர்ப்பக்கமிருந்து பார்ப்பார்கள் என்பதால் முப்பது இருந்தாலும் ஒப்பேற்றலாம். பத்து ஆகவே ஆகாது.

தாத்தாவின் மூக்குக் கண்ணாடி ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கோடு போய் சதுரம் சதுரமாகப் படி இறங்கியது. ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று எண்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 256ஐ மூன்று தடவை பெருக்கினால் 1,67,77,216 நிறம் வரும். கணினிக்குள் படம் என்று ஒன்றுமே கிடையாது, இந்த எண்களின் நீளமான பட்டியல்தான் உண்டு. இதைப் புரிந்துகொண்டவனுக்கு இந்தத் தொழிலில் பாதி வந்த மாதிரி.

"ஏஐ-ல போட்டா கிளியர் ஆயிரும்லா அண்ணாச்சி?" என்றான். போடச் சொன்னேன். ஆயிற்று. தோலில் ஒரு பளபளப்பு, கண்ணில் புது வெளிச்சம். பேரன் எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்க தாத்தா இல்லியே?" இல்லாத புள்ளியை அது எங்கே போய் எடுக்கும்? தான் பழகிய ஊர்ப்பட்ட முகங்களை வைத்து, இங்கே இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது. இயற்கைக் காட்சிப் படத்துக்குச் சரி. செத்தவர் முகத்துக்கு அதைச் செய்யக்கூடாது என்பது என் கட்சி.

வீட்டில் பிரிண்ட் போட்ட படம் இருக்கிறதா என்று கேட்டு எடுத்துவரச் சொன்னேன். நாலுக்கு ஆறு அங்குலம். அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து ஸ்கேன் செய்ததில் அகலம் 2400 புள்ளி. ஆறடிக்கு இழுத்தாலும் அங்குலத்துக்கு 33 நிற்கிறது.

19 ஆகஸ்ட், செவ்வாய்

"புள்ளி ஏன் அண்ணாச்சி சதுரமா இருக்கு? வட்டமா இருந்தா என்ன?" சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தபடியே கேட்டான். இவன் தேறிவிடுவான்.

1957இல் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய அலுவலகத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு ஸ்கேனர் செய்தார்கள். முதலில் அதில் ஏற்றிய படங்களில் ஒன்று அவருடைய மூன்று மாதக் கைக்குழந்தை வால்டனுடையது. ஐந்து சென்டிமீட்டர் சதுரப் படம், குறுக்கே 176, நெடுக்கே 176. மொத்தமே 30,976 புள்ளி. ஒரு தடவை ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான். கறுப்புக்கும் வெள்ளைக்குமான எல்லையை மாற்றி மாற்றி வைத்துப் பல தடவை ஸ்கேன் செய்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கித்தான் சாம்பல் நிறத்தை வரவழைத்தார்கள். சதுரம் வைத்தது வசதிக்காக. எண்பது வயதைத் தாண்டிய பிறகு அவரே அதற்காக வருத்தப்பட்டு, சதுரமில்லாத புள்ளிகளை வைத்துப் படம் செய்து பார்த்தார். அதற்குள் உலகம் முழுக்கச் சதுரத்தில் குடியேறிவிட்டது.

20 ஆகஸ்ட், புதன்

கோயில் கொடை நோட்டீஸ். விழாக் கமிட்டிக்காரர் போன வருஷத்து நோட்டீஸை ஜேபெக் படமாகக் கொண்டுவந்து, "தேதிய மட்டும் மாத்திக் கொடுங்க" என்றார். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. எழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் கொசு மொய்த்தது போல அழுக்கு. பையன் அழிப்பானை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். நிறுத்தச் சொன்னேன். இது ஒட்டிய அழுக்கு இல்லை, கணக்கில் பிறந்த அழுக்கு.

ஜேபெக் என்ன செய்கிறது? படத்தை எட்டுக்கு எட்டு, 64 புள்ளி கொண்ட கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக மாறும் அலை, வேகமாக மாறும் அலை என்று பிரித்து எழுதிக்கொள்கிறது. வானம், கன்னம், பட்டுச்சேலையின் பரப்பு இவையெல்லாம் மெதுவான அலைகளிலேயே அடங்கிவிடும். வேகமான அலைகளைக் கண் பெரிதாகக் கவனிக்காது என்று அவற்றைத் தாராளமாகச் சுருக்கி, பலவற்றைத் தூக்கியும் எறிகிறது. கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் தெரிகிற அளவு நிற வித்தியாசம் தெரியாது என்பதால் நிறத்தில் இன்னும் கூடுதலாகக் கை வைக்கிறது. புகைப்படத்துக்கு இது அற்புதம். ஆனால் எழுத்தின் ஓரம் முழுக்க வேகமான அலைதான். வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஒரே தாவல். அதைச் சுருக்கினால் அந்தக் கட்டம் முழுக்கக் கறை தெறிக்கும். அதனால்தான் எழுத்தையும் லோகோவையும் பிஎன்ஜியில் வைக்கச் சொல்கிறோம். அது எதையும் எறியாமல் மடித்து வைப்பது.

இந்த அலைக் கணக்கைக் கொண்டுவந்தவர் பெங்களூரில் 1940இல் பிறந்த நசீர் அகமது. 1972இல் இதை ஆராய அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார். கொடுக்கவில்லை. விடாமல் தன் மாணவர் நடராஜன், நண்பர் கே.ஆர்.ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். 1992இல் ஜேபெக் தரமாக வந்தபோது அதன் வயிற்றில் இருந்தது இந்தக் கணக்குதான். காலையில் எழுந்ததும் குடும்பக் குரூப்பில் வந்து விழும் அத்தனை ரோஜாப்பூ வணக்கமும் இவர் வழியாகத்தான் வருகிறது. பையனுக்குப் பெயரே தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்?

நோட்டீஸை முதலிலிருந்து டைப் செய்தோம். கமிட்டிக்காரருக்கு ஐம்பது ரூபாய் கூடக் கேட்டது பிடிக்கவில்லை.

21 ஆகஸ்ட், வியாழன்

இன்று முழுக்கக் கோடு. வெக்டர் என்கிறோமே, அது. புள்ளிப் படத்துக்கு நேர் எதிர். இங்கே புள்ளிக்குப் புள்ளி எண் பட்டியல் கிடையாது. இந்த இடத்தில் தொடங்கு, அந்த இடத்தில் முடி, நடுவில் இப்படி வளை என்ற கட்டளைதான் உண்டு. விசிட்டிங் கார்டிலும் அச்சடிக்கலாம், கட்டடத்தின் நெற்றியிலும் வைக்கலாம். ஒவ்வொரு முறையும் புதிதாகவே வரைந்துகொள்ளும்.

'அ' எழுத்தை வைத்துப் பழக்கினேன். பையன் சுழி முழுக்க நாற்பது முனை வைத்தான். எழுத்து நொறுங்கிய அப்பளமாக இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வளைவு திசை மாறும் இடங்களில் மட்டும் முனை வைத்து, இரண்டு பக்கமும் நீளும் கைப்பிடியை இழுத்துக் காட்டினேன். கைப்பிடி தொடுகோட்டின் திசையிலேயே போகவேண்டும். நீளம் கூடினால் வளைவு தாராளமாகும், குறைந்தால் சட்டென்று திரும்பும். மூன்றாவது சுழியில் அவன் கைக்குப் பிடிபட்டது.

இந்த வளைவு பிறந்தது கார் கம்பெனியில். 1959இல் சித்ரோயன் கம்பெனியில் பால் த காஸ்தெல்ஜோ கண்டுபிடித்தார். கம்பெனி அதை வெளியே விடவில்லை. ரெனோ கம்பெனியின் பியர் பெஸியே தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்து எழுதி வெளியிட்டார். அதனால் பெயர் அவருக்குப் போய்விட்டது. கார் கதவுக்குப் போட்ட கணக்கு இன்று நம் எழுத்துருக்களின் ஒவ்வொரு சுழியிலும் உட்கார்ந்திருக்கிறது.

23 ஆகஸ்ட், சனி

பெண் வீட்டார் அழைப்பிதழ் வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். பையன் அதை நகலெடுத்து எங்கள் பழைய மாதிரியில் ஒட்டினான். வெறும் கட்டம் கட்டமாக வந்தது. "ஃபைல் கெட்டுப்போச்சு அண்ணாச்சி" என்றான். கெடவில்லை. இரண்டு காலம் முட்டிக்கொண்டது.

எங்கள் பழைய மாதிரிகள் பேஜ்மேக்கர் காலத்தவை. அந்த மென்பொருள் 1985இல் வந்தது. அதன் கடைசிப் பதிப்பே 2001இல் நின்றுபோயிற்று. ஆனாலும் தமிழ்நாட்டு டிடிபி கடைகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த நாளில் தமிழுக்கென்று கணினியில் தனி இடம் கிடையாது. ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் உருவத்தை உட்காரவைத்தோம். பாமினி எழுத்துருவில் அம்மா என்று வர எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டவேண்டும். கணினியைப் பொறுத்தவரை அது ஏதோ அர்த்தமில்லாத ஆங்கிலம். எழுத்துருவை மாற்றினால் முகமூடி கழன்று விழும். அதிலும் ஒவ்வொரு கம்பெனியின் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு இருக்கை வரிசை. மதுரையில் டைப் செய்ததைச் சிவகாசியில் திறக்க அந்த எழுத்துருவையும் கூடவே கொண்டுபோனோம்.

1991இல் வந்த யூனிகோடு, தமிழுக்கென்று 128 இடம் ஒதுக்கியது. 'கொ' என்று எழுதினால் அதற்குள் க ஒன்று, ஒகரக் குறி ஒன்று, அந்த வரிசையில் கிடக்கும். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து நிறுத்துவது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இன்றைக்கும் சில பெரிய கம்பெனி விளம்பரங்களில் அப்படி நிற்கிறதே, பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவை காட்டக்கூடாதா?

எழுத்துரு மாற்றி மென்பொருளை வைத்து மாற்றி, மணமகன் பெயரிலிருந்து மண்டப முகவரி வரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தோம். மாற்றியை நம்பி நேரே பிளேட் போடக்கூடாது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

கடை லீவு. டிவியில் காதலன் படத்து முக்காலா பாட்டு. கையும் தலையும் மறைந்து, உடுப்பு மட்டும் ஆடுகிற அந்த இடம் வரும்வரை உட்கார்ந்து பார்த்தேன். 1994. அதே வருஷம்தான் ஃபோட்டோஷாப்பில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர் வசதி வந்தது. இப்போது இந்த மாதிரி வித்தையைப் பிள்ளைகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே செல்போனில் செய்கிறார்கள்.

25 ஆகஸ்ட், திங்கள்

ஆட்டோவில் கட்டி அறிவிக்க ஒரு ஜவுளிக்கடைக்கு ஒலிப்பதிவு. பையன் தன் குரலிலேயே பேசிப் பதிவுசெய்து, கீழே திம் திம் என்று பாஸ் இசையெல்லாம் போட்டு வைத்திருந்தான். ஹெட்போனில் பிரமாதம். ஆட்டோவில் இருப்பது புனல் ஸ்பீக்கர். அதற்கும் பாஸுக்கும் ஒட்டே கிடையாது. வெளியே போட்டுக் காட்டியபோது இசை காணாமல்போய், 'ப' வரும் இடமெல்லாம் பட் பட் என்று வெடித்தது.

ஒலியும் எண்தான். மைக்கில் வரும் அலையின் உயரத்தை நொடிக்கு 44,100 தடவை அளந்து குறித்துக்கொள்கிறோம். ஒரு அலையைப் பிடிக்க அதன் வேகத்தில் இரண்டு பங்குக்கு மேல் அளக்கவேண்டும். மனிதக் காது நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுவரை கேட்கும். ஆகவே நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. அதென்ன நாற்பத்து நாலாயிரத்து நூறு? அந்தக் காலத்தில் இவ்வளவு எண்ணைப் பதிய வீடியோ டேப்தான் இருந்தது. ஒரு வரிக்கு மூன்று அளவு, 245 வரி, நொடிக்கு 60 முறை. பெருக்கினால் 44,100. டேப் ஒழிந்தது, சிடியும் ஏறக்குறைய ஒழிந்தது, எண் மட்டும் நிலைத்துவிட்டது.

அளவின் உயரத்துக்கு ஒரு உச்சி உண்டு. அதைத் தாண்டிக் கத்தினால் அலையின் தலை மொட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்டதைப் பிறகு ஒட்டமுடியாது. மீட்டரில் சிவப்பு தட்டினால் தள்ளி நின்று மறுபடி பேசு, அவ்வளவுதான் வைத்தியம்.

எம்பி3 பற்றியும் சொன்னேன். ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் அதற்கு உழைத்தபோது சோதனைக்கு எடுத்துக்கொண்டது சுசான் வேகாவின் டாம்ஸ் டைனர் பாட்டு. வாத்தியமே இல்லாத ஒற்றைப் பெண்குரல். பெரிய சத்தத்தின் பக்கத்தில் இருக்கும் சின்னச் சத்தம் காதில் விழாது, அதை எறிந்துவிடலாம் என்பதுதான் எம்பி3யின் தந்திரம். வாத்தியக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும் குறை, தனிக்குரலில் அம்பலமாகிவிடும். அதனாலேயே அந்தப் பாட்டு தேவைப்பட்டது.

மின்விசிறியை நிறுத்தி, மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சாய்த்து வைத்து மறுபடி பதிந்தோம். இசையை எடுத்துவிட்டு ஒரு மணிச்சத்தம் மட்டும் வைத்தோம்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

கல்யாண அழைப்பு வீடியோ, முப்பது நொடி. பெண்ணின் அப்பாவுக்குப் படம் முழுக்க மல்லிகைப்பூ கொட்டவேண்டும். கொட்டினோம். கடைக் கணினியில் கண்கொள்ளாக் காட்சி. அவர் செல்போனுக்குப் போனதும் மணப்பெண் முகத்தில் கட்டம் கட்டமாகப் படை.

காரணத்தைக் கணக்கிலேயே காட்டினேன். முழு எச்டி என்றால் 1920க்கு 1080 புள்ளி, புள்ளிக்கு மூன்று பைட். ஒரு சட்டம், அதாவது ஒரு ஃப்ரேம், 62,20,800 பைட். நொடிக்கு 25 சட்டம் என்றால் பதினைந்தரைக் கோடி. முப்பது நொடிக்கு நாலரை ஜிபிக்கு மேல். இதை யார் அனுப்புவது? ஆகவே வீடியோவில் எல்லாச் சட்டத்தையும் முழுதாக எழுதுவதில்லை. எப்போதாவது ஒன்றை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்தவற்றில் எது நகர்ந்தது, எது மாறியது என்பதை மட்டும் குறிக்கிறார்கள். பேசுகிற முகத்துக்கும் அசையாத சுவருக்கும் இது கச்சிதம். ஆயிரம் பூ ஆயிரம் திசையில் சுழன்று விழுந்தால் மாறாதது எது? கொடுத்த பைட்டை எல்லாம் பூவே தின்றுவிட்டது, முகத்துக்கு மிச்சமில்லை.

பூவை ஓரத்துக்குத் தள்ளி எண்ணிக்கையைக் குறைத்தோம். பெண்ணின் அப்பாவுக்கு மனசில்லை. முகம் தெளிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. செல்போனை நிமிர்த்திப் பிடித்துத்தான் பார்ப்பார்கள் என்பதால் 1080க்கு 1920 என்று இன்னொன்றும் செய்தோம். சத்தத்தை அமர்த்திவைத்துப் பார்ப்பவர்களுக்காக முகூர்த்த நேரத்தை எழுத்திலும் போட்டோம். அந்த எழுத்து நம் பெரியம்மாக்கள் வாய்விட்டு இரண்டு தடவை படித்து முடிக்கும்வரை திரையில் நிற்கவேண்டும்.

27 ஆகஸ்ட், புதன்

விநாயகர் சதுர்த்தி. லீவு. கொழுக்கட்டை.

28 ஆகஸ்ட், வியாழன்

சிவகாசியிலிருந்து அழைப்பிதழ் ப்ரூஃப் வந்தது. மாப்பிள்ளை செல்போனைத் தாளின் பக்கத்தில் வைத்து, "போன்ல இந்தப் பச்சை மின்னுது, இது என்ன மங்கிக் கெடக்கு?" என்றார். பையன் அச்சகத்தைத் திட்டத் தயாரானான்.

செல்போன் வெளிச்சத்தை வெளியே விடுகிறது. சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட வெள்ளையை நோக்கிப் போகும். தாள் வெளிச்சம் விடாது, விழுந்ததைத் திருப்பி அனுப்பும். மை அதில் ஒரு பங்கை விழுங்கும். சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கூட்டக் கூட்ட இருட்டை நோக்கிப் போகும். நல்ல கறுப்புக்கு நாலாவதாகக் கறுப்பு மை. செல்போனின் மின்னும் பச்சை அந்த நாலு மையின் எல்லைக்குள்ளேயே இல்லை. அச்சகத்தான் என்ன செய்வான்? அந்தப் பச்சையே வேண்டுமானால் தனி மை, ஐந்தாவது பிளேட், அதற்குத் தனிக் காசு. விலையைச் சொன்னதும் மங்கிய பச்சையே அழகாகிவிட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். பொடி எழுத்தைப் பையன் நாலு மையையும் கலந்த கறுப்பில் வைத்திருந்தான். நாலு பிளேட்டில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். கறுப்பு மை ஒன்றில் மட்டும் மாற்றச் சொன்னேன்.

30 ஆகஸ்ட், சனி

பையன் தானாக முதல் அழைப்பிதழ் முடித்தான். வாடிக்கையாளர் தந்த பெயர் எல்லாவற்றையும் ஒரே தடிமனில், ஒரே அளவில் அடைத்து, மிச்ச இடத்தில் பூ. முகூர்த்த நேரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. வெள்ளையில் மஞ்சள் எழுத்து வேறு. இணைய வடிவமைப்புக்கான அணுகல் விதிகள், எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5 இருக்கவேண்டும் என்கின்றன. பளிச் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் அது 1.07தான். தாளுக்கும் கண் ஒன்றுதானே? மாமா, சித்தப்பா பெயரில் ஒன்றைக்கூட நாம் எடுக்கமுடியாது, எடுத்தால் கல்யாணமே நின்றுவிடும். ஆனால் அளவைக் குறைக்கலாம், ஒரு பக்கமாக ஒதுக்கலாம். பூவை எடுக்கலாம். தேதியைச் சுற்றி வெற்றிடம் விடலாம். எடுத்தான், விட்டான். இரண்டாவது பிரதி நன்றாகவே இருந்தது.

வாசலில் ஒட்ட அவனையே ஒரு அறிவிப்பு டைப் செய்யவைத்தேன். யூனிகோடில், கறுப்பு எழுத்தில், பூ இல்லாமல்:

வாடிக்கையாளர் கவனத்துக்கு. செல்போன் படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், அப்போதுதான் சுருங்காமல் வரும். லோகோ இருந்தால் வரைந்த மூல ஃபைலைக் கொண்டுவாருங்கள். ப்ரூஃபில் பெயர், தேதி, நேரம், மண்டபம் நான்கையும் வீட்டுப் பெரியவர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். கையெழுத்துக்குப் பிறகு பிளேட் போட்டால் போட்டதுதான்.